பூட்டிய வீட்டுக்குச் சாமி நிற்பதில்லை

இந்த நாட்டில் பல வீட்டுக் கதவுகளுக்கு வெளிப்பக்கம் திருகுகிற பிடி கிடையாது. பாரிஸ் புறநகருக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது, எனக்கு இன்னும் பழகவில்லை. குப்பைப் பையைக் கீழே போட்டுவிட்டு ஒரு நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று லுங்கியோடு வெளியே வருவேன். எங்கிருந்தோ ஒரு காற்று வரும். டப். கதவு தானாகச் சாத்திக்கொண்டு தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி உள்ளே, போன் உள்ளே, சட்டை உள்ளே. இந்த ஆடி மாதமும் அப்படித்தான் மூன்றாவது மாடி நடையில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டு மதாம் ஜிரார் எட்டிப் பார்த்து, "ஆன்ஃபெர்மே தெயோர்?" என்றார். வெளியே வைத்துப் பூட்டப்பட்டுவிட்டீர்களா என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த தமிழில் மனிதனை உள்ளே வைத்துத்தான் பூட்ட முடியும். வெளியே வைத்துப் பூட்ட இவர்களால்தான் முடியும். வானம், சாலை, பிளாட்டான் மரங்கள், ரயில் தண்டவாளம் எல்லாவற்றையும் ஒரே அறையாக்கி, அதற்குள் ஒருவனை லுங்கியோடு அடைத்துவிடுகிறார்கள்.

பூட்டுத் திறக்கிறவர் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். மதாம் ஜிரார் தன் சமையலறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். எழுபது வயது, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லுங்கியைப் பார்க்காத மாதிரி பார்த்தார். பேச ஏதாவது வேண்டுமே என்று, எங்கள் ஊரிலும் எனக்கு ஒரு பூட்டுப் பிரச்சினை இருக்கிறது என்று ஆரம்பித்தேன். உள்ளதைச் சொன்னால், அந்த ஒரு மாதமாக எனக்குள் வேறு எந்தப் பேச்சும் ஓடவில்லை.

எங்கள் ஊர் பாகூர் ஏரிக்குத் தெற்கே, வயலும் கரும்பும் சூழ்ந்த நான்கு தெரு. ஆடி மூன்றாம் வெள்ளியன்று அம்மன் டிராக்டரில் ஏறி வீடு வீடாக வரும். ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். தேங்காய் உடையும், கற்பூரம் எரியும், வீட்டிலிருக்கிறவர்கள் பெயரைப் பூசாரி மைக்கில் சொல்லுவார். பூட்டுத் தொங்கும் வாசலில் மட்டும் நிற்காது. ஏன் என்று கேட்டால் பூசாரிக்குக் கோபம் வரும். "தீபாராதனைய யாருக்குக் காட்டறது? பூட்டுக்கா?" என்பார். ஆள் நிறைந்திருந்த காலத்தில் இப்படி ஒரு விதி இருப்பதே யாருக்கும் தெரியாது. தெருவில் பூட்டு என்று ஒன்று இருந்தால்தானே. இப்போது மேலத்தெருவில் முதல் வீட்டுக்காரர் பாரிஸில் மளிகை வைத்திருக்கிறார். இரண்டாம் வீடு ரெயூனியன் தீவு. மூன்றாம் வீட்டுப் பிள்ளை துபாய். நான்காம் வீடு, ஒரு மணி நேர பஸ் தூரத்தில் வில்லியனூரில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போனது. எங்கள் எல்லோரையும்விடத் தூரமாகப் போனவர்கள் அவர்கள்தான், ஒரு சாவுக்குக்கூட வருவதில்லை. நான் சின்னவனாக இருந்தபோது சாயங்காலம் கிளம்பிய அம்மன் விடியற்காலையில்தான் கோயிலுக்குத் திரும்பும். இப்போது எட்டரை மணி சீரியலுக்கு முன்பே வந்து இறங்கிவிடுகிறதாம். மேலத்தெருவில் டிராக்டர் மூன்றாவது கியரில் போகிறதாம்.

ஐந்தாம் வீடு எங்களுடையது. சொல்தா வூடு என்பார்கள், சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர், அதனால் அந்தப் பெயர். சில வருடம் முன்பு அம்மாவும் போனபோது ஊருக்குப் போய், காரியம் முடித்து வீட்டைப் பூட்டிவிட்டு வந்தேன். அடுத்த ஆடியில் பெரியப்பா மகன் ஏழுமலை ஒரு வீடியோ அனுப்பினான். சீரியல் விளக்குகளோடு டிராக்டர் வருகிறது, எங்கள் வாசல் சிவப்பாகிறது, பச்சையாகிறது, இருட்டாகிறது. பதினொரு நொடி. கோடை விடுமுறை முடிந்த பிறகும், வேலை செய்கிற பள்ளிக்கூட உணவகத்தின் குளிர் அறையில் நின்றுகொண்டு அதை எத்தனை தரம் பார்த்தேன் என்று தெரியாது. வீட்டை விலைக்குக் கேட்டவர்களிடம், அது என் வீடு, நான் திரும்பி வருவேன் என்று வீராப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். சாமியே கண்டுகொள்ளாமல் போன பிறகு அதை எந்த முகத்தோடு சொல்வது?

மறு வருடம் ஏழுமலை ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் வீடு பக்கத்துத் தெரு. தன் வாசலில் தீபாராதனை முடிந்ததும் சந்து வழியாக ஓடிவந்து எங்கள் பூட்டைத் திறந்து, வீட்டுக்காரன் மாதிரி தட்டோடு நின்றுவிடுவது என்று ஏற்பாடு. நின்றான். வேட்டி பாதி அவிழ்ந்து, நாய் துரத்தி ஓடிவந்தவன் மாதிரி மூச்சிரைக்க நின்றான். பூசாரி டிராக்டர் மேலிருந்து குனிந்து பார்த்தார்.

"நீ எத்தினி வூட்டுக்காரன்டா?"

"இது என் தம்பி வூடு சாமி."

"தம்பி எங்க?"

"பிரான்சுல."

"அப்ப நீ அவனுக்கு வாட்ச்மேனு. வாட்ச்மேனுக்கெல்லாம் அம்மன் நிக்காது. வண்டிய எடுப்பா!"

அதற்குப் பிறகுதான் ஆள் வைப்பது என்று முடிவாயிற்று. குழாய் கம்பெனியில் வேலை செய்கிற ஒடிசாக்காரர் சுசாந்தா, அவர் மனைவி சபித்ரி, இரண்டு பெண் குழந்தைகள். கீழத்தெருவில் ஓட்டை அறையில் இருந்தார்கள். வாடகை வேண்டாம், வாசலைத் திறந்துவைத்தால் போதும் என்றேன். அவர்களுக்கு முதலில் சந்தேகம். இப்படி ஒரு வீட்டுக்காரன் இருக்க முடியாது, இது பேய் வீடாகத்தான் இருக்கும் என்று கம்பெனியில் சொன்னார்களாம். சபித்ரியோடு முதன்முதலாகப் போனில் பேசியபோது நான் ஆங்கிலமும் சைகையுமாகத் தடுமாறிக்கொண்டிருந்தேன். "இன்னா அண்ணா, தமிழ்லயே பேசு. எனக்கு நல்லா வரும்," என்றாள். ஐந்து வருடத்தில் பாகூர் மீன்காரியிடம் சண்டை போடும் அளவுக்குத் தமிழ் பேசுகிறாள். இருபத்திரண்டு வருடத்தில் நான் இங்கே ரொட்டிக் கடையில் ஒன்று கேட்டால் இரண்டு தருகிறார்கள். திருத்தத் தெரியாமல் இரண்டையும் தின்கிறேன்.

இதையெல்லாம் மதாம் ஜிரார் அக்கறையாகக் கேட்டார். அம்மனை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் "தேஎஸ்" என்றேன். பெண் தெய்வம்.

"அந்த அம்மையார் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு வருவாரா?"

"ஆமாம். ஆடி மூன்றாம் வெள்ளி."

"ஆள் இல்லை என்றால் பெட்டியில் அவி த பசாஜ் போட்டுவிட்டுப் போகலாமே?"

தபால்காரர் பொட்டலம் கொண்டுவரும்போது நாம் வீட்டில் இல்லாவிட்டால், வந்தேன், நீங்கள் இல்லை என்று ஒரு சீட்டு விட்டுச்செல்வார். அதுதான் அவி த பசாஜ். எங்கள் அம்மன் சிங்கத்தை நிறுத்திவிட்டுப் பூட்டின் இடுக்கில் சீட்டுச் செருகுவதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை, இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு வருடமும் வருகிற நாள் உங்களுக்கு முன்பே தெரியும். பிறகு ஏன் நீங்கள் வீட்டில் இருப்பதில்லை?"

எனக்குப் பிரெஞ்சு புரியாத மாதிரி இருந்துகொண்டேன். நல்லவேளை, பூட்டுத் திறக்கிறவர் வந்துவிட்டார்.

மூன்றாம் வெள்ளி. பள்ளிக்கூடம் கோடை விடுமுறை, உணவகமும் இல்லை. இங்கே பிற்பகல் நான்கு, அங்கே ஏழரை. குளித்து வேட்டி கட்டிக்கொண்டு சமையலறை மேசையில் போனைச் சாய்த்துவைத்தேன். சபித்ரி வீடியோவில் வாசலைக் காட்டினாள். அரிசிமாவைக் கரைத்து விரலால் நெற்கதிர் கதிராக இழுத்திருந்தாள், அவர்கள் ஊர்க் கோலம். தட்டில் தேங்காய், பழம், கற்பூரம். என் வீடு, என் வாசல், பூட்டு இல்லை. அப்போது ஒலிபெருக்கியில் ஏழுமலையின் குரல் வந்தது. இந்த வருடம் டிராக்டருக்கு முன்னால் மைக் பிடிக்கிற வேலை அவனுக்கு.

"அடுத்து ஒடிசா வூடு! ஒடிசா வூட்டுக்காரங்க தட்டு எடுத்தாந்து வாசல்ல நில்லுங்க!"

எனக்குச் சுர்ரென்றது. போனை அவனிடம் கொடு என்று சபித்ரியிடம் கத்தினேன். அவன் வாங்கினான். மைக்கை அணைக்கவில்லை.

"டேய் ஏழுமல, இன்னாடா ஒடிசா வூடு? சொல்தா வூடுன்னு சொல்லுடா!"

சொல்தா வூடுன்னு சொல்லுடா என்று என் குரலே தெருவெல்லாம் எதிரொலித்துத் திரும்பி வந்தது.

"சொல்தா செத்து எத்தினி வருஷமாவுது? இப்ப யாரு இருக்காங்களோ அவங்க பேருதான்டா."

"அது என் வூடு!"

"இரு, கத்தாத. உங்கப்பா பட்டாளத்துல சேர்றதுக்கு முந்தி அந்த வூட்டுக்கு இன்னா பேரு தெரியுமா? சேத்தியாத்தோப்பு வூடு. நம்ம தாத்தா அங்கேர்ந்து கருது அறுக்க வந்தவருதானடா? வந்தவரு அப்பிடியே தங்கிட்டாரு. இந்த ஊர்ல பொறந்து இங்கியே கெடக்கறவன் வூட்டுக்கு எவன்டா பேரு வச்சான்? வந்தவன் வூட்டுக்குத்தான் பேரு!"

தெரு முழுக்கச் சிரித்தது. டிராக்டர்காரரும் சிரித்தார் போலிருக்கிறது, ஹாரன் ஒரு முறை அடித்தது. எனக்குத் தெரியாத விஷயமில்லை. மறந்து வைத்திருந்த விஷயம். அந்தக் காலத்தில் சேத்தியாத்தோப்பு இங்கிலீஷ்காரன் நாடு, பாகூர் பிரெஞ்சுக்காரன் நாடு. ஆக எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பிரெஞ்சுக்காரன் நாட்டுக்குப் போனவன் நான் இல்லை, அப்பாவும் இல்லை. தாத்தாதான் போனார், கையில் அரிவாளோடு, விசா இல்லாமல், நடந்தே. அந்த வாசலில் நின்று அவரும் யாரோ விட்டுப்போன தட்டைத்தான் முதல் வருடம் ஏந்தியிருப்பார். அன்றைக்கு யார் எங்கிருந்து கோபப்பட்டார்களோ.

டிராக்டர் நின்றது. எங்கள் வாசலில். எஞ்சின் உறுமலோடு, விளக்கு மாலைகளோடு, நிஜமாகவே நின்றது. பூசாரி பேர் கேட்டார். சபித்ரி கணவன் பெயர் சொன்னாள், குழந்தைகள் பெயர் சொன்னாள். கொஞ்சம் நிறுத்தி, "அப்பறம் தோனோசேகர் அண்ணா," என்றாள். அது நான்தான், தனசேகரன். இங்கே மொசியே தனா. அங்கே என் ஊர் ஒலிபெருக்கியில் முதன்முறையாக, ஒரியா உதட்டில் உருண்டு, பூசாரி வாயில் புரண்டு, தோனோசேகரு.

"நட்சத்திரம்?"

அவளுக்குத் தெரியவில்லை. "திருவாதிரை!" என்று கத்தினேன். மேளத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. "திருவாதிரை!" என்று இன்னும் பலமாகக் கத்தினேன். மதாம் ஜிராருக்குக் கேட்டுவிட்டது, கதவைத் தட்டினார்.

"செரி, சாமி பேருக்கே பண்ணிடறேன்," என்றார் பூசாரி.

தேங்காய் உடைந்தது. கற்பூரம் எரிந்தது. குழந்தைகள் தொட்டு ஒற்றிக்கொண்டார்கள், சுசாந்தா ஒற்றிக்கொண்டார். சபித்ரி தட்டைப் போனுக்கு நேராக நீட்டினாள். "அண்ணா, எடுத்துக்கோ." திரை முழுக்க நெருப்பு ஆடியது. நான் எழுந்து நின்று, இரண்டு கையையும் அந்த நெருப்பின் மேல் வைத்து, கண்களில் ஒற்றிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது திரை கறுப்பாக இருந்தது. கை பட்டு சிவப்புப் பொத்தான் அமுங்கி, அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

உடனே திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அம்மன் ஆறாம் வீட்டுக்குப் போயிருக்கும், அவர்களும் பின்னாலேயே போயிருப்பார்கள்.