எடுத்த தலை

அறந்தாங்கி ஸ்டுடியோ ஒன்றில் ஃபோட்டோஷாப்போடு மல்லுக்கட்டியே என் முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றி, ஒரு பெட்டியில் வைத்துக் கொடுக்கிறோம். அந்தப் பெட்டியின் கவர் சினிமா போஸ்டர் மாதிரி இருந்தாக வேண்டும். மாப்பிள்ளைக்குப் பின்னால் நெருப்பு, ஹெலிகாப்டர், புலி. கீழே பொடி எழுத்தில் ‘தயாரிப்பு’ என்று பெண்ணின் அப்பா பெயர். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் கண்ணுக்குள் புலிதான் நிற்கும்.

அப்படி ஒரு முகூர்த்த சீசனில் ஜெகதாப்பட்டினத்திலிருந்து செல்வராணி அக்கா வந்தார். மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. கணவர் முருகையன், மீன்பிடிக்கப் போன இடத்தில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, இலங்கைச் சிறையில் இருந்தார். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்பதால் தேதியைத் தள்ள முடியவில்லை. அப்பா ஸ்தானத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தவர் முருகையனின் தம்பி கணேசன்.

“அவுகளையும் கவர்ல கொண்டாந்துருங்க தம்பி. பொட்டி சம்பந்தி வீட்டுக்குப் போவுது. அப்பன் இல்லாத கல்யாணம்னு யாரும் ஒரு சொல்லு சொல்லிறக் கூடாது.”

“மேல ஒரு வட்டம் போட்டு அதுக்குள்ள வச்சிறலாங்க்கா.”

“ஐயய்யோ! அது செத்தவுகளுக்குல்ல போடுறது!”

எனக்கு ஏன் வாயைத் திறந்தோம் என்றாகிவிட்டது.

“தாரை வாக்குற படத்துல எங்க கொழுந்தன் தலைய எடுத்துட்டு இவுக தலைய வச்சிருங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே ஒடம்புவாகுதான்.”

வைத்தேன். கோயில் திருவிழாவில் வெயிலில் சிரித்துக்கொண்டு நின்ற முகம் அது. மண்டப லைட்டின் நிறத்துக்கு அதைக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. கழுத்து ஒட்டவே மாட்டேன் என்றது. தோள் துண்டை இழுத்து மறைத்தேன். ஸ்கிரீனைப் பார்த்ததும் அக்கா, “வந்துட்டாக” என்று அழுதார். ஏதோ ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து, விடுதலையாகி வந்த முருகையனே ஒரு நாள் கடைக்கு வந்தார். போட்டோவில் இருந்த ஆளில் பாதிதான் இருந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காராமல், சம்பந்தி வீட்டில் கேட்டு வாங்கி வந்த பெட்டியை மேசை மேல் வைத்தார்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க தம்பி. ஆனா என்னைய எடுத்துருங்க.”

“ஏண்ணே?”

“நான் உள்ள கெடந்தப்ப என் வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கிப் போட்டவன் என் தம்பி. மண்டபத்துக்கும் பத்திரிகைக்கும் அலைஞ்சது அவன். இந்தக் கவரப் பாத்துட்டு ‘ஒழைப்பு வேணும், தலை மட்டும் வேணாமா’ன்னு கேட்டுட்டுப் போனவன், நான் வந்து எறங்கியும் எட்டிப் பாக்கல. தேடிப் போனா மொகத்தத் திருப்புறான். வீட்டுக்காரியத் திட்டவும் மனசு வரல, எம்மேல உள்ள பாசத்துல செஞ்சவ. ஒரே தம்பி எனக்கு. இந்தப் படத்தால அவன் இல்லன்னு ஆயிறக் கூடாது.”

நல்லவேளை, ஃபைலை அழிக்காமல் வைத்திருந்தேன். முருகையனின் முகம் இருந்த லேயரை ஆஃப் செய்தேன். அடியில் கணேசன் வந்தார். அண்ணன் மகளின் கையைப் பிடித்தபடி, முகம் கோணி, கண்ணீர் கன்னத்தில் இறங்க நின்றுகொண்டிருந்தார்.

முருகையன் ஸ்கிரீனுக்குக் கிட்டே குனிந்தார்.

“அழுதிருக்கான் பாருங்க தம்பி” என்றார். “இதை எடுத்துப்புட்டு, அந்த எடத்துல என்னையச் சிரிக்க வச்சிருக்கீங்களே.”

புதுக் கவரை அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். நேரே தம்பி வீட்டுக்குத்தான் என்று பஸ் ஏறினார்.

இப்போது தலை மாற்றச் சொல்லி யார் வந்தாலும் முதலில் ஒன்று கேட்கிறேன்: “எடுக்குற தலைக்காரர்கிட்ட கேட்டுட்டீங்களா?” பாதிப் பேர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.