எஸ்தரின் குரலில் தேசப்பன்

நொச்சிக்குப்பத்தில் தேசப்பனைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் அந்தக் கரைக்கு நேற்று வந்தவனாக இருக்க வேண்டும். ஒன்றுமில்லாமல் தொடங்கிய ஆள். அப்பன் விட்டுப்போன கட்டுமரம்கூட ஓட்டை. இன்றைக்குச் சொந்தமாக இரண்டு ஃபைபர் படகு, மாடி வைத்த வீடு, நர்ஸ் படிப்பு படித்துவிட்டுக் குவைத்தில் வேலை பார்க்கும் மகள். நாலாங்கிளாஸைத் தாண்டாத மனுஷன் இத்தனையும் செய்திருக்கிறார் என்றால் சும்மாவா? அவரே அதைத் தினம் நாலு பேரிடம் சொல்லுவார். உழைத்து வந்தவன் சொல்லாமல் வேறு யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் வாய் திறப்பதில்லை. டீக்கடையில் பேப்பரை அகல விரித்து உட்காருவாரே, அதில் ஒரு வரி அவரால் படிக்க முடியாது. கற்ற எழுத்தெல்லாம் உப்புக்காற்றில் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. அவர் மனைவி லூர்துமேரிக்கு இது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

மகளின் பெண் எஸ்தர் இவர்களிடம்தான் வளர்ந்தாள். அபிராமபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாவது. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டில் படிக்க ஒரு டேப் கொடுத்திருந்தார்கள். அதற்குள் ஒரு பாடத்துணை. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் நிழல். எங்கேயோ கிடக்கிற பெரிய கம்ப்யூட்டர்களில், கிளவுட்டில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிழல். பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது, எங்கே தடுக்கும் என்று நிழலுக்கு அத்துப்படி. பிள்ளையின் குரலிலேயே பேசவும் செய்யும். சொந்தக் குரலில் கேட்டால் பாடம் மனதில் தங்குமாம்.

ஒரு நாள் மத்தியானம். எஸ்தர் பள்ளியில், லூர்துமேரி லூப் ரோட்டில் மீன் கூடையோடு. கடலிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்த தேசப்பனின் தலைமாட்டில் டேப் தானாக வெளிச்சம் போட்டது.

"பாடம் தொடங்கலாமா?"

எஸ்தர் குரல். வீட்டில் யாரும் இல்லை. அவருக்கு முதுகில் சில்லென்று ஏறியது. ஆனாலும் புயலில் போட்டை விட்டுக் குதிக்காத ஆள் ஒரு டேப்புக்கா பயப்படுவார்?

"தொடங்கேன். இன்னா பெரிய பாடம்?"

அது கேட்டது, இவர் உளறினார். அது கொஞ்சம் இறங்கிக் கேட்டது, மறுபடியும் உளறினார். இறங்கி இறங்கி 'அ'வில் வந்து நின்றது. சிரிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து மத்தியானத் தூக்கம் போயிற்று. மழைக்காலம் தொடங்குவதற்குள் அவர் டீக்கடைப் பேப்பரில் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார். அந்த வயதில் வேறு எவனாவது செய்வானா?

அதன் பிறகுதான் எஸ்தர் ஒரு சாயங்காலம் டேப்பைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடிவந்தாள்.

"ஆயா, இது இருமுது."

"எது?"

"என் நிழலு. பதில் சொல்றதுக்கு முன்னாடி தாத்தா மாதிரியே ரெண்டு வாட்டி இருமுது. கேளேன்."

லூர்துமேரி கேட்டாள். பதினைந்து வயதுப் பெண்ணின் மெல்லிய குரலில் பீடி குடித்துப் பழுத்த இருமல். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். கூடத்தில் இருந்த தேசப்பன் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ரிசல்ட் வந்த வாரம் பள்ளியில் கூப்பிட்டார்கள். எஸ்தரோடு தேசப்பன் போனார். பதினோராம் வகுப்பில் சயின்ஸ் குரூப் வேண்டும் என்றுதான் எஸ்தர் கேட்டிருந்தாள். அம்மாவைப் போல நர்ஸாக வேண்டும். மார்க் இருந்தது. ஆனால் அந்தப் பள்ளியில் மார்க்கோடு நிழலையும் பார்த்துத்தான் சீட் கொடுப்பார்கள்.

வகுப்பு ஆசிரியை நீரஜா திரையைத் திருப்பிக் காட்டினார். "பரீட்சையில நல்லா எழுதியிருக்கா. ஆனா இவ நிழல் பாதி பத்தாவது, பாதி நாலாவதுன்னு காட்டறது. பரீட்சையில யாரையாவது பார்த்து எழுதினாளோன்னு மேலிடத்துல கேக்கறா. இப்படி இருந்தா சயின்ஸ் குரூப் கிடைக்காது."

"நான் பாத்து எழுதல மிஸ்," என்றாள் எஸ்தர்.

"இரு, கேட்டுப் பாக்கலாம்." நீரஜா திரையிடம் குனிந்தார். "நாலு பேர் கடலுக்குப் போய் அறுபது மீன் பிடிக்கறா. சமமாப் பிரிச்சா ஆளுக்கு எத்தனை?"

திரை இரண்டு முறை இருமியது. பிறகு எஸ்தரின் குரலில் சொன்னது: "பத்து. போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுங்க நாலு பங்கு. இதுகூடத் தெரியாம நீ இன்னா டீச்சரு?"

வரிசையில் காத்திருந்த பெற்றோர்களில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு உடனே நின்றுவிட்டது. யாரும் கேட்காமலே திரை தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தது.

"தனியா போனேன். கரை மறைஞ்சிடுச்சி. காத்து இல்ல, அலை இல்ல. தண்ணிக்கு அடியிலேருந்து ஒருத்தன் பேரு சொல்லிக் கூப்ட்டான். செத்துப்போன எங்கண்ணன் கொரலு. நான் எட்டிப் பாக்கல. பாத்திருந்தா போயிருப்பேன்."

'உனக்கு நடந்த ஒன்றைச் சொல்' என்று ஒரு மத்தியானம் அது கேட்டபோது தேசப்பன் சொன்னது அது. கட்டின மனைவியிடம்கூடச் சொல்லாதது. அது இப்போது பேத்தியின் குரலில், ஊர் நடுவில். பக்கத்தில் எஸ்தர் தன் தொண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள், சத்தம் அங்கிருந்துதான் வருகிறது என்பது போல.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் மானம் நிற்கும். பிள்ளையின் சீட் போய்விடும். தேசப்பன் எழுந்து நின்றார்.

"அது நான்தான் டீச்சர். மத்தியானத்துல நான்தான் படிச்சேன். எனக்கு எழுத்து தெரியாது, இப்பதான் கத்துக்கினேன். என் பேத்தி யாரையும் பாத்து எழுதற சாதி இல்ல." அத்தோடு நிறுத்த அவரால் ஆகுமா? "சின்ன வயசுலயே படிச்சிருந்தா இந்த ஸ்கூலையே வாங்கியிருப்பேன், தெரியுமா?"

நீரஜா சிரிக்கவில்லை. "அழிச்சுட முடியாது ஐயா. ரெண்டு பேரையும் ஒருத்தர்னே அது நினைச்சுண்டிருக்கு. உங்க பேர்ல தனியா ஒரு கணக்கு திறந்து நீங்க தொடர்ந்து பேசினா, உங்களோடது எது, அவளோடது எதுன்னு தானாப் பிரிச்சுக்கும்."

அட்மிஷன் முடிய இருந்த நாட்களில் தேசப்பன் தினமும் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில், சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்தார். கூடவே லூர்துமேரி. "பேப்பரு படிக்கிற ஆளுக்கு எதுக்குய்யா பாடம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "சும்மா கெட," என்றார் அவர். அவர் பேசப் பேச எஸ்தரின் நிழல் தெளிந்தது. இருமல் நின்றது. மீன் கணக்குக்கு அது பதினைந்து என்றது. சயின்ஸ் குரூப் பட்டியலில் அவள் பெயர் ஏறியது.

பெயர் ஏறிய அன்று அவருடைய திரை முதல்முறையாகப் பேத்தியின் குரலை விட்டுவிட்டுப் பேசியது.

"தேசப்பா, வந்துட்டியா?"

ஒரு பையன் குரல். எட்டு, ஒன்பது வயதிருக்கும். லேசாக மூக்கடைத்த குரல்.

"அது ஆள் வயசைப் பாக்காது, பாடத்தைத்தான் பாக்கும்," என்றார் நீரஜா. "நாலாங்கிளாஸ்னா நாலாங்கிளாஸ் குரல்."

லூர்துமேரியின் முகம் வெளுத்திருந்தது. அவளும் அதே குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். "யோவ், இது நீதான்யா. மூக்கு ஒழுகிக்கினு கரையில ஓடுவியே, அப்ப இதே கொரலுதான் உனுக்கு. இதுக்கு யாருய்யா சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அவர் குரலைப் பிடித்துவைக்க அந்தக் கரையில் ஒரு மெஷின்கூட இருந்ததில்லை.

"மூடிடு டீச்சர்," என்றார் தேசப்பன். "பொண்ணுக்கு சீட்டு கெடச்சிடுச்சில்ல?"

நீரஜா தயங்கினார். "மூடலாம். ஆனா பாதியில விட்டா அது உங்களைத் தேடும் ஐயா. போன வருஷம் ஒரு வீட்டுல அப்படித்தான் ஆச்சு. உங்க குரல் கிடைக்கலைன்னா அந்த வீட்டுல கிடைக்கற குரலைப் பிடிச்சுக்கும்."

வெளியே வராந்தாவில் எஸ்தர் தோழிகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள். சுத்தமான, அவளுடைய சொந்தச் சிரிப்பு.

"அஞ்சாங்கிளாஸ் பாடம் இருக்கு," என்றது திரையிலிருந்த பையன் குரல். "நான் ரொம்ப வருஷமா காத்துக்கினு இருக்கேன். எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டாங்க. நீ மட்டுந்தான் பாக்கி."

தேசப்பன் எழுந்துபோய் வராந்தாப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார், இந்தக் குரல் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுடா," என்றார்.