லாரே சிஸ்டர் பத்தொன்பது பேருக்குப் போட்ட ஃபோன்

லாரே யார்கன்சனுக்கு அறுபத்தொரு வயது. எங்கள் ஊரின் பள்ளிப் பேருந்தை இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறாள். யூட்டா மலைச்சாலையில் பனி முழங்கால் அளவு விழுந்த காலையிலும் வண்டியைக் கிளப்பிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மோர்மன் கிறிஸ்தவ சபையில் பெரியவர்களுக்கு வேதப் பாடம் எடுத்தவளும் அவள்தான்.

அந்த அக்டோபரில் மேயர் தேர்தல் நெருங்கியது. நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் தேய்ன் பிங்கம், வைக்கோல் வியாபாரி, எங்கள் சபையின் முன்னாள் பிஷப்; எங்களில் அது சாதாரண ஆட்கள் சம்பளமில்லாமல் சில வருடம் பார்க்கும் பொறுப்பு. இன்னொருத்தி கொரின் ஹேட்லாக், கால்நடை மருத்துவர், நகர சபை உறுப்பினர். ஞாயிறு காலைகளில் ஆராதனைக்கு வராமல் குதிரையில் மலையேறப் போகிறவள். லாரே யார் பக்கம் என்று கேட்கவே வேண்டாம். ஊர் ஊற்றுத் தண்ணீரை வடக்கே வீடு கட்டி விற்கும் கம்பெனிக்குத் தாரை வார்க்கக் கொரின் ஓட்டுப் போட்டாள் என்று தேய்னின் துண்டறிக்கை சொன்னது. சபைப் பெண்கள் நாங்கள் போர்வை தைத்துக்கொண்டிருந்தபோது அதை உரக்க வாசித்துக் காட்டியவள் லாரேதான்.

அடுத்த ஞாயிறு பாடத்தில், ஆட்சிக்கு நேர்மையும் அறிவும் உள்ள ஆட்களைக் கருத்தாகத் தேடச் சொல்லும் வசனம் வந்தது. 'கருத்தாக' என்று பலகையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள். பின்வரிசையில் ஆர்டன் லண்ட் கை தூக்கினார். வான்கோழி வளர்ப்பவர், வாரம் தவறாமல் ஏதாவது கேட்டு வகுப்பை இழுத்தடிப்பவர்.

"சிஸ்டர், தண்ணி விஷயம் ஏதோ சொன்னீங்களாமே. என் வீட்டுக்காரி வந்து சொன்னா. நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"எதை?"

"நகர சபைக் கூட்டக் குறிப்பை. கருத்தாத் தேடணும்னு இப்பத்தானே எழுதினீங்க."

வகுப்பே சிரித்தது. லாரேயின் முகம் காதுவரை சிவந்துவிட்டது.

"அந்த வான்கோழிக்காரனுக்கு வேற வேலை இல்ல. விட்டுத் தள்ளு," என்றார் வீட்டில் அவள் கணவர் டெல்.

"அவர் கேட்டது சரியா இருக்கே டெல். எரிச்சலே அதான்."

எங்கள் நகர அலுவலகம் செவ்வாயும் வியாழனும் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரைதான் திறந்திருக்கும். இரண்டு பத்துக்கு லாரே பேருந்தை எடுத்தாக வேண்டும். முதல் தடவை போனபோது எழுத்தர் பல் மருத்துவரிடம் போயிருந்தார். இரண்டாம் தடவை அச்சு இயந்திரம் மக்கர் பண்ணியது. மூன்றாம் தடவைதான் காகிதம் கைக்கு வந்தது. பள்ளிக்கூட வாசலில் பேருந்தை நிறுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் மூன்று முறை படித்தாள். ஊற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்து பார்க்கலாமா என்பதுதான் தீர்மானம். கொரின் அதற்குத்தான் ஆம் என்றிருந்தாள். விற்பனை, கம்பெனி என்ற பேச்சே அதில் இல்லை.

அன்று மாலையே தேய்னின் வைக்கோல் கொட்டகைக்குப் போய் நின்றாள்.

"அளக்கறது எதுக்கு லாரே? நாளைக்கு விக்கத்தானே?" என்றார் தேய்ன். "ஜனங்களுக்குப் புரியற மாதிரி சுருக்கிப் போட்டிருக்கேன்."

"சுருக்கல பிரதர். மாத்தியிருக்கீங்க."

"நான் எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நல்ல மனுஷர் எதுக்கு இப்படி எழுதணும்னுதான் மண்டை காயுது. இருக்கறதை இருக்கற மாதிரியே, நடந்ததை நடந்த மாதிரியே அறியறதுதான் உண்மைன்னு நம்ம வேதம் சொல்லுது. பிஷப்பா இருந்தப்ப எத்தனை தடவை மேடையில பேசியிருப்பீங்க!"

"தேர்தல் முடியட்டும். திருத்திக்கலாம்."

முடிந்த பிறகு யாருக்காகத் திருத்துவது? லாரே வீட்டுக்கு வந்து, போர்வை தைத்த பத்தொன்பது பேரின் பெயரையும் எழுதிவைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். நான் ஏழாவது.

"அன்னிக்கு நான் வாசிச்சது உண்மை இல்ல," என்றாள். "குறிப்பைப் பாத்துட்டேன். கொரின் தண்ணியை அளக்கத்தான் ஓட்டுப் போட்டிருக்கா. விக்க இல்ல."

"ஏன்டி, இப்ப நீ கொரின் பக்கமா?" என்று கேட்டுவிட்டேன்.

எதிர்முனையில் நீண்ட பெருமூச்சு. "உனக்கு முன்னாடி ஆறு பேரு இதையேதான் கேட்டாங்க. ஒருத்திகூட, அப்படியா, நல்ல வேளை சொன்னேன்னு சொல்லல."

பன்னிரண்டாவது பெண்ணிடம் கதை அதற்குள் வளர்ந்து, கொரின் ஊற்றை விற்றே விட்டாள் என்று ஆகியிருந்தது. பதினைந்தாவது பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பீச் பழ ஜாமுக்குச் சர்க்கரை எவ்வளவு போடுவாய் என்றாளாம்.

மிச்சமிருந்தது கொரின். மறுநாள் லாரே அவளுடைய மருத்துவமனைக்குப் போனாள். ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள் கொரின்.

"ஓ, இதைக் கிளப்பிவிட்டது நீங்கதானா?" என்றாள் விஷயத்தைக் கேட்டதும்.

"கிளப்பல. பரப்பினேன். மன்னிச்சுக்கங்க."

"ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் பாருங்க," என்று துண்டை எறிந்தாள் கொரின்.

"சரி, திட்டுங்க, நியாயம்தான். ஆனா ஒண்ணு சொல்லுங்க. அளந்து பாத்து, தண்ணி மிச்சம்னா விப்பீங்களா?"

கொரின் ஆட்டுக் கயிற்றைக் கையில் எடுத்தாள். "அதைத் தேர்தலுக்கு அப்புறம் பேசலாமே."

லாரே காருக்கு வந்து கதவை அறைந்து சாத்தியதில் ஆடு மிரண்டு கத்தியதாம். "அவரும் தேர்தலுக்கு அப்புறம், இவளும் தேர்தலுக்கு அப்புறம்! கருத்தாத் தேடுன்னா, எங்க போய்த் தேடறது?" என்று என் வீட்டுக்கு வந்து கத்தினாள்.

தேய்ன் முப்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். லாரே யாருக்குப் போட்டாள் என்று கேட்டேன், சொல்லவில்லை.

டிசம்பரில் இப்போதைய பிஷப் ட்ராய் ஆல்ரெட் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், வயது நாற்பதுகூட இருக்காது. வேதப் பாடத்தை வேறு ஒருவர் பார்த்துக்கொள்வார், அவள் சின்னக் குழந்தைகள் அறைக்குப் போகட்டும் என்றார்.

"அந்தத் தண்ணி விஷயத்தாலயா பிஷப்?"

"சேச்சே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சிஸ்டர்."

"நெஜமாவா?"

பிஷப் மேசையைப் பார்த்தபடி பென்சிலை உருட்டினார். பிறகு, "அஞ்சு பேர் ஃபோன் பண்ணி உங்களை மாத்தச் சொன்னாங்க. என்னால சமாளிக்க முடியல," என்றார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

"அப்ப சரி, போறேன்," என்று எழுந்துவிட்டாள் லாரே.

குழந்தைகள் அறையில் முதல் ஞாயிறு முடிந்து, தோளெல்லாம் பிஸ்கட் தூளோடு வெளியே வந்தாள். எப்படிப் போச்சு என்று கேட்டேன்.

"பதினோரு பேர். ஒருத்தன் பக்கத்துல இருக்கறவ பிஸ்கட்டைப் பிடுங்கி வாய் நிறைய அடைச்சுக்கிட்டு, நான் எடுக்கலங்கறான். நானும் விடல. பத்து நிமிஷம் கேட்டேன்."

"அப்புறம்?"

"பாதியைத் துப்பிக் கொடுத்தான்."