மரம் அறுக்காத ரம்ப வியாபாரி

என் மாமாவைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவரை ரம்பம் என்றுதான் சொல்வார்கள். பழைய கைரம்பங்களை வாங்கி விற்பதால் வந்த பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரை லேசில் விடமாட்டார் என்பதால் வந்த பெயர் என்பது மற்ற எல்லாருக்கும் தெரியும்.

மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தார். வேலை, லிஃப்ட் பழுது பார்ப்பது. பாதியில் நின்றுபோன லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால், அவர்கள் பயப்படக்கூடாதே என்று வெளியே நின்று வேலை பார்த்தபடியே பேச்சுக் கொடுப்பார். எங்கே தொடங்கினாலும் பேச்சு ரம்பத்துக்கு வந்துவிடும். ஒருமுறை உள்ளேயிருந்து ஒரு பெரியவர், "தம்பி, ஒண்ணு கதவைத் திற, இல்ல வாயை மூடு! ரெண்டையும் சேர்த்து என்னால தாங்க முடியாது" என்று கத்தியிருக்கிறார். இதை மாமாவே வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

லிஃப்ட் வேலைக்குப் போகிற பழைய கட்டடங்களில் யாராவது வீடு காலி செய்தால், முதலில் போய் நிற்பது மாமாதான். துருப்பிடித்து, பிடி உடைந்து, பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கிடக்கும் ரம்பத்தைக் கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்குக் கொண்டுவந்து, உப்புத்தாளும் எண்ணெயும் போட்டுத் தேய்த்து, அரத்தால் பற்களை ராவி, கடைசியில் தகட்டை விரலால் சுண்டி என் காதருகே பிடிப்பார். "கேளு, எப்படிப் பாடுது பாரு!" அது உண்மையிலேயே பாடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் சந்தையில் கடை போடுவார். ஆனால் விற்பது குறைவு. விலை கேட்டவரிடம் அந்த ரம்பம் எந்த வீட்டில், எந்த மூலையில் கிடந்தது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். கேட்டவர் நைசாக அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார். மிச்சமெல்லாம் வீட்டில் என் கட்டிலுக்கு அடியில், துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால், அப்பாவின் கோட்டுகளுக்கு நடுவில்.

"டேய், கட்டிலுக்கு அடியில துடைப்பம் போக மாட்டேங்குதுடா. எல்லாத்தையும் வித்துத் தொலை" என்பாள் அம்மா.

"வித்துட்டுதானேக்கா இருக்கேன்."

"ஒண்ணை வித்துட்டு மூணு வாங்கிட்டு வர்றதுக்குப் பேரு வியாபாரமாடா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ஜன்னல் கதவுகளைச் சரிசெய்து கொடுக்கிற ஒரு அம்மா வந்தார். மாமா வயதுதான் இருக்கும். முன்கையெல்லாம் மரத்தூள். மேல் விளிம்பில் பித்தளைப் பட்டை வைத்த சின்ன ரம்பம் ஒன்றை எடுத்தார், கதை கேட்காமல் பணத்தைக் கொடுத்தார், போய்விட்டார். மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அடுத்த வாரம் அந்த அம்மா ரம்பத்தோடு திரும்பி வந்தார்.

"இது ஒரு பக்கமா இழுக்குதுங்க."

"வாய்ப்பே இல்லீங்க. தகட்டைச் சுண்டிப் பாருங்க, மணி மாதிரி…"

"நான் மணி அடிக்க வாங்கல. மரம் அறுக்க வாங்கினேன்."

மாமா அதை வாங்கிக்கொண்டு வாரம் முழுக்க ராவினார். ஜன்னல்காரம்மா வந்து எடுத்துப் போனார். அதற்கடுத்த வாரம், கக்கத்தில் ஒரு பலகையோடு வந்து நின்றார். பலகையின் குறுக்கே பென்சில் கோடு.

"இப்போ அந்தப் பக்கமா இழுக்குது. நீங்களே அறுத்துக் காட்டுங்க."

மாமா பலகையை மேஜைமேல் வைத்துப் பிடித்தார். ரம்பம் கோட்டின்மேல் நிற்காமல் துள்ளியது. மறுபடி வைத்து அழுத்தினார். கொஞ்ச தூரம் போனதும் கோடு ஒரு பக்கம், ரம்பம் ஒரு பக்கம். பக்கத்துக் கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜன்னல்காரம்மா மெதுவாகக் கேட்டார். "நீங்க இதுவரைக்கும் ஏதாவது மரம் அறுத்திருக்கீங்களா?"

மாமா ஒரே வார்த்தையில் பதில் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். "இல்லீங்க" என்றார்.

"ஆளுங்களைத்தான் அறுத்திருக்காரு!" என்றார் பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். ஜன்னல்காரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். "என் பட்டறைக்கு வாங்க. எங்க தப்புன்னு சேர்ந்தே பார்ப்போம்."

வீட்டுக்கு வந்த மாமா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். "அக்கா, நான் ஏமாத்துக்காரனா?"

"என்னடா உளர்றே?"

"ஓட்டிப் பார்க்காத வண்டியை விக்கற மாதிரிதானே இத்தனை நாளும் வித்திருக்கேன்?"

வேறு நாளாக இருந்தால் அம்மா பிடிபிடியென்று பிடித்திருப்பாள். அன்றைக்குத் தட்டை அவர் பக்கம் திரும்ப நகர்த்தினாள். "தெரியாமத்தானே வித்தே. இனிமே தெரிஞ்சுக்கிட்டு வில்லு. இப்போ சாப்பிடு."

அப்பாவின் காரில் ரம்பங்களையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனோம். தூக்கி வைக்க மாமா என்னையும் கூட்டிப்போனார். பட்டறை முழுக்கக் கண்ணாடி இல்லாத ஜன்னல்கள் சுவரில் சாய்ந்து நின்றன. பசையும் புது மரத்தூளும் கலந்த வாசனை. ஜன்னல்காரம்மா ரம்பத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவாக. மாமா ஒரே பக்கமாக நின்றுகொண்டு ராவியதில் ஒரு வரிசை மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. இழுப்பு அதனால்தான்.

பிறகு ஜன்னல்காரம்மா ஒவ்வொரு ரம்பத்தாலும் அறுத்துப் பார்த்து நல்லது ஒரு பக்கம், ஆகாதது ஒரு பக்கம் என்று பிரித்தார். பிடியில் பூ செதுக்கிய ரம்பம் ஒன்று, மாமாவின் கண்மணி, ஆகாத பக்கம் போனது.

"இது போயிடுச்சுங்க. தகட்டுல விரிசல்."

"பாடுதே…"

"பாடட்டும். அறுக்காது."

எப்போதோ மாமா ஒரு விளக்கு வாங்கியபோது கூடவே சும்மா கிடைத்த கறுத்த ரம்பம் ஒன்று, சத்தமே இல்லாமல் மரத்தில் இறங்கியது. ஜன்னல்காரம்மா புருவத்தைத் தூக்கிவிட்டு அதை மாமாவிடம் நீட்டினார். "அழுத்தாதீங்க. ரம்பத்தோட எடையே போதும். பேசாதீங்க, அறுங்க."

மாமா பேசாமல் அறுத்தார். துண்டு கீழே விழுந்ததும் எடுத்து முகர்ந்தார். வெட்டு நேராக இருந்தது. என்னிடம் காட்டினார், ஜன்னல்காரம்மாவிடம் காட்டினார், மறுபடி என்னிடம் காட்டினார். வீட்டுக்கு வந்தபோது புருவமெல்லாம் மரத்தூள். அம்மா கதவைத் திறந்து ஒரு பார்வைதான் பார்த்தாள். "யாருடா அவ?"

ஆகாத ரம்பங்களைச் சுவரில் மாட்ட ஒரு காபிக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். "இது எதுவும் அறுக்காதுங்க" என்று மாமா முன்கூட்டியே சொன்னார். "அறுக்காததுதாங்க வேணும். யார் தலைமேலயாவது விழுந்து வைச்சா வம்பு" என்றார் அவர்.

அதன்பின் லிஃப்ட் வேலை முடிந்தால் மாமா போவது பட்டறைக்குத்தான். பற்களைச் சாய்க்கக் கற்றுக்கொண்டார். பலகை தூக்கினார். ஓயாமல் பேசினார். ஜன்னல்காரம்மா மெஷின் ஓடும்போது காதுக்கு ஒரு மூடி மாட்டிக்கொள்வார். ஒருநாள் மெஷின் ஓடாதபோதும் மூடி காதில் இருந்ததை மாமா கவனித்துவிட்டார்.

"என் பேச்சு தாங்கலையாங்க?"

அவர் மூடியைக் கழற்றினார். "தாங்குது. நடுநடுவுல கொஞ்சம் ஓய்வு வேணும், அவ்வளவுதான். நீங்க வராத அன்னைக்கு மெஷின் நின்னதும் இதைக் கழட்டிடறேன். காது ஏற்கெனவே வெறிச்சுன்னு இருக்கு."

மாமா வீட்டுக்கு வந்து இது அத்தனையையும் குறையாகச் சொன்னார். "என் பேச்சுக்கு ஓய்வு வேணுமாம்க்கா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அட மக்கு! அதுக்கு அடுத்து சொன்னது உன் காதுல விழலையா?"

மறுநாள் அம்மாவே பட்டறைக்குப் போனாள். இரண்டு பெண்களும் கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. கொஞ்ச நாளில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. கையெழுத்துப் போடும் மேஜையின் கால் ஆடுவதை மாமா கண்டுபிடித்து அதிகாரியிடம் விளக்கத் தொடங்க, ஜன்னல்காரம்மா, இனி என் அத்தை, பேனாவை அவர் கையில் திணித்தார்.

மாமா பட்டறைக்கு மேலிருந்த வீட்டுக்குப் போய்விட்டார். என் கட்டிலுக்கு அடியில் துடைப்பம் தாராளமாகப் போய் வந்தது. ரொம்ப நாள் வரை, பெருக்கி முடித்ததும் அம்மா அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டு வருவாள். இப்போது சமைக்கும்போது மாமாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிடுகிறாள். அவர் பாட்டுக்குப் பேசுகிறார். இவள் பாட்டுக்குக் காய் நறுக்குகிறாள். எப்போதாவது "உம்" என்பதோடு சரி.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போயிருந்தேன். வாங்க வருகிற ஒவ்வொருவரையும் இப்போது மாமாவும் அத்தையும் அறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நாற்காலி செய்கிறவர் ஒருவர் நீளமான ரம்பம் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"நல்ல சாமான், எடுத்துக்கோங்க" என்றார் மாமா.

"அது விக்கறதுக்கில்ல" என்றார் அத்தை.

"நேத்துதானே விக்கலாம்னு சொன்னே?"

"நேத்து சாயங்காலம்தான் அறுத்துப் பார்த்தேன். இது நமக்கே வேணும்."

மாமா நாற்காலிக்காரரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வேறொன்றை நீட்டினார். அவர் பலகையில் வைத்து அறுக்க ஆரம்பித்தார். மாமா அவர் பக்கத்தில் போய் நின்று, அது எந்த வீட்டில் கிடைத்தது என்று தொடங்கினார். நாற்காலிக்காரர் அடுத்த கடைக்கு நகராமல், தலையாட்டியபடியே அறுத்துக்கொண்டிருந்தார்.