துரைசாணியின் தொப்பிப் பூக்கள்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே துரை ஒருவரின் பங்களாவில் அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது. ஊரிலிருந்து கப்பலில் மலாயாவுக்கு வந்து இறங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. துரைசாணியிடம் விதவிதமான தொப்பிகள் இருந்தன. ஒன்றில் பட்டு ரோஜாக்கள், ஒன்றில் வெல்வெட் ஊதாப்பூக்கள், இன்னொன்றில் மெழுகால் செய்த செர்ரிப் பழங்கள். மழை ஓய்ந்த நாட்களில், பூஞ்சணம் பிடிக்காமலிருக்க அவற்றை வராந்தாவில் வெயில் காட்டுவார்கள். காக்கை விரட்டுவது என் உத்தியோகம். தொடக் கூடாது, மூச்சைக்கூட எட்டி நின்றே விட்டேன்.

அன்று ஒரு வெள்ளைக்காரர் வந்து துரைசாணியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அவள் உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு திரும்பினாள். வெறும் தரையில் உட்கார்ந்து, ஒரு தொப்பியை மடியில் வைத்து, ரோஜாக்களை நறுக் நறுக்கென்று வெட்டத் தொடங்கினாள். நான் அலறிவிட்டேன். ஓடி வந்த அம்மாவிடம், தலை நிமிராமல், “துவான் மாத்தி” என்றாள்.

துரைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்காக இப்படியா?

“எந்த ஊருக்கும்மா மாத்திட்டாங்க?”

அம்மா பளாரென்று அறைந்தாள். அதுவரை என்னை அடித்ததே இல்லை. “மலாய்ல அதுக்கு செத்துட்டாருன்னு அர்த்தம்டி. வாயை மூடு.”

காலையில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போன துரை, கிள்ளான் ரயில் பாதையில் டிராலி கவிழ்ந்து செத்துப்போயிருந்தார்.

துரைசாணி நிறுத்தவில்லை. ஊதாப்பூக்களும் உதிர்ந்தன. செர்ரித் தொப்பி ஒன்றுதான் மிச்சம். அம்மா சட்டென்று அதை எடுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். துரைசாணி கை நீட்டினாள்.

“இது ஒண்ணாவது இருக்கட்டும்மா. குடுக்க மாட்டேன்” என்றாள் அம்மா, தமிழிலேயே.

வேலை போச்சு என்று நினைத்தேன். ஆனால் துரைசாணி கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, அம்மாவின் தோளில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள். வாங்கிய அறையைவிட அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

வீடு திரும்பும்போது கேட்டேன்: “அவங்க தொப்பிய நீ ஏம்மா புடுங்கி வச்சுக்கிட்ட?”

அம்மா நடந்துகொண்டே சொன்னாள்:

“ஊர்ல உங்க அத்தை புருஷன் செத்தப்போ, அவ தலையில இருந்த பூவ எல்லாருமா சேந்து பிச்சு எடுத்தாங்க. நான் பக்கத்துலதான்டி நின்னேன்.”

நான் கேட்டது தொப்பியைப் பற்றி. இவள் அத்தையைப் பற்றிப் பேசுகிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.