மவ்ஜூதா கண்ட பூஜ்ஜியம்

கடலை ஒருமுறைகூடப் பார்க்காதவள், கடல் ஏன் ஏறி இறங்குகிறது என்று படிக்கப் போனாள். என் ஒன்றுவிட்ட தம்பி ஹிக்மத்தின் மூன்றாவது பெண் மவ்ஜூதாதான் அவள். தாய்வழியில் எல்லோரும் பருத்தி ஆலைக்காரர்கள். தந்தைவழியில் நாங்கள் தாஷ்கண்ட் முழுக்க விசேஷங்களுக்குப் பலாவ் என்னும் இறைச்சிச் சோறு சமைப்பவர்கள். படிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை.

நிலா கடலை இழுப்பதுபோல, நெருங்கிச் சுற்றும் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று இழுத்து உருவைக் கெடுக்குமாம். ஒரு கரண்டி அள்ளினால் ஒரு மலையின் எடை இருக்கும் நியூட்ரான் விண்மீன்கூடக் கொஞ்சம் பிதுங்கும். எவ்வளவு பிதுங்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு. கருந்துளைக்கு அந்த எண் பூஜ்ஜியம் என்று பெரிய ஆட்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். மவ்ஜூதா வேறு வழியில் கணக்குப் போட்டாள். பூஜ்ஜியம் வரவில்லை, சின்னதாக ஓர் எண் வந்தது. ஐந்து வருடம் அதையே வைத்து ஆய்வேடு எழுதினாள்.

அவள் தாய்மாமன் எர்காஷ் எங்கள் தெருவுக்குப் பெரியவர். உலகத்துக்கே தெரியாத எண்ணைத் தன் மருமகள் கண்டுபிடித்ததாகத் தேநீர்க் கடைதோறும் சொல்லி வைத்திருந்தார். பட்டம் வந்த பிறகு விருந்து வைப்பதுதான் முறை. அவரோ, ஆய்வுச் சபை ஓட்டுப் போடும் அன்றைக்கே மதியம் இருநூறு பேரை அழைத்துவிட்டார். சபைக்காரர்களும் அதில் அடக்கம்.

முந்தின நாள் பிற்பகல் உறவெல்லாம் கூடிக் கேரட் நறுக்கினோம். மவ்ஜூதாவும் கத்தியோடு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, அந்த எண் தப்பு. செவ்வாய்க்கிழமைதான் கண்டுபிடிச்சேன். கணக்குல ஒரு துண்டை ரெண்டு தடவை சேர்த்துட்டேன். பூஜ்ஜியம்தான் வருது."

கத்திகள் நின்றன.

"அப்படின்னா?" என்றார் எர்காஷ்.

"கருந்துளை பிதுங்காது. யார் இழுத்தாலும்."

"ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கா அஞ்சு வருஷம்? ரெண்டு கிடா அறுத்தாச்சு, பொண்ணே."

"நாளைக்கு இதைச் சொன்னா பட்டம் தள்ளிப் போகும்னு எங்க பேராசிரியரே சொல்லிட்டார்."

"அப்போ சொல்லாதேடி," என்றாள் அவள் சித்தி முஅத்தர். "சின்ன எண்தானே, இருந்துட்டுப் போகட்டும். அங்க போய் எவன் தொட்டுப் பாக்கப் போறான்?"

"சபையில பாப்பாங்க சித்தி."

"அந்தச் சபையே என் பலாவைத் திங்க வருது," என்றார் எர்காஷ். "திங்க வர்றவன் கணக்குப் பாக்க மாட்டான்."

என் பங்குக்கு நானும் இழுத்தேன். "நாளைக்கு வேணாம். அடுத்த மாசம் சொல்லும்மா."

"பெரியப்பா, உப்புப் போட மறந்த பலாவைப் பரிமாறிட்டு அடுத்த மாசம் சொல்வீங்களா?"

ஒரு கல்யாணத்தில் அப்படித்தான் செய்தேன். அடுத்த மாதமும் சொல்லவில்லை. ஆகவே கேரட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நியூட்ரான் ஜாதி. பக்கத்தில் கனமான ஆள் வந்து உட்கார்ந்தால் அந்தப் பக்கமாகப் பிதுங்கிவிடுவோம்.

மறுநாள் நான் அண்டாவோடு நின்றேன். சபையில் நடந்ததை ஹிக்மத் வந்து சொன்னான். எழுந்து நின்றவள் முதல் வார்த்தையிலேயே தன் தப்பைச் சொல்லிவிட்டாள். சபை அவள் நேர்மையை மனதாரப் பாராட்டியது. பாராட்டிவிட்டு, திருத்தி எழுதிக்கொண்டு வசந்தத்தில் வரச் சொல்லி ஓட்டைத் தள்ளிவைத்தது. பிறகு சபைக்காரர்கள் பதினோரு பேரும் வரிசையாக வந்து, கொடுக்காத பட்டத்துக்கான பலாவைச் சாப்பிட்டார்கள். இரண்டு பேர் கொழுப்புத் துண்டாகப் பார்த்து மறுபடி கேட்டு வாங்கினார்கள்.

"பட்டம் வந்துதா?" என்று கேட்ட அண்டைவீட்டுக் கிழவரிடம் எர்காஷ், "பலாவ் வந்திருக்கு, ஆறிடப் போகுது," என்றார்.

ஏப்ரலில், மழை பெய்த ஒரு புதன்கிழமை, மவ்ஜூதா பூஜ்ஜியத்தோடு சபைக்குப் போனாள். ஓர் ஓட்டும் எதிராக விழவில்லை. மெட்ரோ பிடித்து வீட்டுக்கு வந்து, மீந்திருந்த நூடுல்ஸ் சூப்பைச் சுடவைத்துக் குடித்துவிட்டுத் தூங்கினாள். எர்காஷுக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நேரே வந்து நின்றார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா இருநூறு பேர் வருவாங்க மாமா."

"முன்னூறு," என்றார் எர்காஷ். அதற்குப் பிறகு நோன்புப் பெருநாள் வரை அவளோடு பேசவில்லை.