கால் வரை போகாத சேதி

மாமாவின் ரப்பர் செருப்பு ஒன்று லாரிக்கும் வாசலுக்கும் நடுவில் கிடந்தது. அது கழன்றதே தெரியாமல் வந்து நின்றார் மாமா, என் அக்காவின் கணவர். அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மறு வருஷமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்துவிட்ட சமயம் அது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எந்நேரமும் கேலி பேசுகிற மனிதர். "மாவட்டமே அங்கயும் இங்கயும் போவுது, என் செருப்பு போவக்கூடாதா மாப்ள?" என்றார். சிரித்தோம்.

மூன்றாம் நாள் முழங்கால் வரை மரத்துப்போனது. வாயுப் பிடிப்பு என்று நாங்களே முடிவு கட்டினோம். கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து நான்தான் ஒத்தடம் கொடுத்தேன். "சூடு போதுமா மாமா?" "ஒண்ணுமே உறைக்கல. நல்லா சூடு பண்ணிக் கொண்டா, கஞ்சப்பயலே." அவர் கேட்கக் கேட்க நானும் சூட்டை ஏற்றிக்கொண்டே போனேன். காலையில் அக்கா போர்வையை விலக்கிப் பார்த்து அலறினாள். இரண்டு பாதங்களிலும் கொப்புளங்கள். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கால்களோடு கைகளும் வலுவிழந்துவிட்டன. அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நரம்பைச் சுற்றி ஓர் உறை உண்டாம். நோயை விரட்ட வேண்டிய உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் அதை அரித்துவிட்டதாம். அந்த உறையைச் சுற்றுவதற்கென்றே நரம்பை ஒட்டி செல்கள் இருக்கின்றன. நரம்பிலிருந்து சேதி வந்தால்தான் அவை மறுபடி சுற்றும். "அந்தச் சேதிய ஊசியில குடுக்க முடியாதுங்களா?" என்றேன். "அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லைங்க. மேல அரிக்காம தடுக்கப் பாக்குறோம். மிச்சத்த உடம்புதான் பண்ணணும்."

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். இப்போதெல்லாம் பத்திரிகையில் நரம்பு என்ற சொல்லைக் கண்டாலே கத்தரித்து வைத்துக்கொள்கிறேன். அன்று கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு நரம்பு பக்கத்து செல்லிடம் சொல்வதையும், அது கேட்டுக்கொண்டு ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று சுற்றுவதையும் நினைத்துப் பார்க்கத்தான் முடிந்தது. மிஞ்சினால் தலையணையை நகர்த்தி வைப்பேன். முதலில் கைகளுக்கு வலு வந்தது, பிறகு வலது காலுக்கு. இடது பாதம் தொங்கியே கிடந்தது. "உறைக்குள்ள இருக்கிற நரம்பும் போயிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு வருஷம் கழித்து, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்தார் மாமா. என்ஜினைப் போடவில்லை. இடது கால் கிளட்சைத் தேடியது. தொடையைக் கையால் தூக்கி வைத்து அழுத்தினார்.

"மிதிச்சிட்டனா மாப்ள? குனிஞ்சு பாத்துச் சொல்லு."

பார்த்தேன். கிளட்சுக்குப் பக்கத்தில், வெறும் தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தது பாதம். குனிந்தவன் நிமிரவில்லை. அவர் கொஞ்ச நேரம் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"சரி வுடு," என்றார். "எறக்கி வுடு."